செஞ்சியின் நான்காவது குன்று: நகரம் விளையாட்டுத் திடலாகும்போது தெரு யாருடையது?

2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மராத்திய இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பேருந்தின் சன்னல் வழியே பார்த்துவிட்டு நாம் கடந்துபோன பாறைக்குன்றுகள் ஒரே நாளில் உலகின் கண்ணில் பட்டன.

இப்படிப் பட்டியலேறிய ஊருக்கு அடுத்து என்னென்ன வரும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பாரம்பரிய நடை வரும். ஒளிப்படப் போட்டி வரும். கல்லூரிகளின் வரலாற்று மன்றங்கள் வரும். இவற்றோடு இளைஞர்களை எளிதில் ஈர்க்கும் இன்னொன்றும் வரும்: ஊர் முழுவதையும் களமாகக் கொண்ட புதிர்வேட்டை. சென்னைக்கு அது புதிதன்று. 2004-இல் தொடங்கி ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடைபெறும் மெட்ராஸ் தினக் கொண்டாட்டங்களில் நடைகளோடும் வினாடி வினாக்களோடும் புதையல் வேட்டைகளும் இடம்பெற்று வருகின்றன. கல்லூரி விழாக்களில் ‘ட்ரெஷர் ஹன்ட்’ இல்லாத விழாவைக் காண்பது அரிது.

இக்கட்டுரை அவ்விளையாட்டுக்கு எதிரானதன்று. அதை நான் விரும்புகிறேன். ஆனால், தெருவை விளையாட்டுத் திடலாக்குவோம் என்று ஒருவர் சொல்லும்போது, அந்தத் தெருவில் நடக்கவே நூறாண்டுகள் போராட வேண்டியிருந்த மக்களின் நினைவு நமக்கு வந்தாக வேண்டும். செஞ்சியில் அந்நினைவு ஒரு குன்றின் பெயராகவே நின்றுகொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

விளையாட்டின் இலக்கணம்

புதிர்வேட்டை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் பார்க்கலாம். ஆட்டக்காரர்கள் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள் தரப்படும். தாளில் இருப்பது ஒரு விடுகதையாகவோ, எண்கணக்காகவோ, பழைய ஒளிப்படமாகவோ இருக்கலாம். அதை அவிழ்த்தால் ஊரில் ஓர் இடம் விடையாகக் கிடைக்கும். அங்கே போனால்தான் அடுத்த புதிர் கிடைக்கும். இவ்வாறு எட்டோ பத்தோ இடங்களைக் கடந்தபின், எல்லா விடைகளையும் ஒன்றாகக் கோத்து அவிழ்க்க வேண்டிய பெரும்புதிர் ஒன்று காத்திருக்கும். முதலில் அவிழ்த்த குழு வெல்லும். புத்தி மட்டும் போதாது, கால்களும் வேண்டும். தெரியாத தெருவில் நுழைந்து தெரியாதவரிடம் வழி கேட்கும் துணிவும் வேண்டும்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், எளிதில் போய்ச் சேரமுடியாத கிரான்மியர் குளத்தருகே, வழிகாட்டியாகத் தொழில்செய்த ஜேம்ஸ் பெரட் என்பவர் ஒரு கண்ணாடிச் சாடியை வைத்தார். தேடி வந்தவர்கள் அதில் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுச் சென்றனர். 1981-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களுக்காகத் தொடங்கிய ‘மிஸ்டரி ஹன்ட்’ இன்றும் ஆண்டுதோறும் சனவரியில் நடக்கிறது. வென்ற குழுவே அடுத்த ஆண்டின் புதிர்களை எழுத வேண்டும் என்பது அதன் மரபு. (அது நடப்பது மார்ட்டின் லூதர் கிங் நாளையொட்டிய வார இறுதியில். பேருந்தைப் புறக்கணித்து ஓராண்டுக்கு மேல் நடந்தே வேலைக்குப் போன மாண்ட்கோமரி மக்களின் தலைவர் அவர். நடப்பதும் ஓர் அரசியலே என்று உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர். இந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது.) 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு செயற்கைக்கோள் இடங்காட்டியின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்ட மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைப் புதைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் வெளியிட்டார். ஜியோகேச்சிங் அங்கே பிறந்தது. 2016-இல் போக்கிமான் கோ வந்தபோது கோடிக்கணக்கானோர் கைப்பேசியைப் பார்த்தபடி தெருவில் அலைந்தனர்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு முன்னனுமானம் உண்டு. அது விதித்தாளில் எழுதப்பட்டிருக்காது. ஆடுபவர் எந்தத் தெருவிலும் நுழையலாம். எந்த முனையிலும் நின்று சுவரைப் பார்க்கலாம். ஒரே இடத்தைச் சுற்றிச்சுற்றி வரலாம். எவரும் அவரை ஐயத்துடன் நோக்கமாட்டார்கள். இதுதான் விளையாட்டின் அடித்தளம். இந்த அடித்தளம் எல்லாருடைய காலுக்கடியிலும் இருக்கிறதா?

தெருமுனையில் நின்ற நண்பன்

நான் படித்த கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இப்படியொரு வேட்டை நடந்தது. எங்கள் குழுவில் புதிர் அவிழ்ப்பதில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். நாங்கள் தாளைப் படித்து முடிப்பதற்குள் அவன் விடையைச் சொல்லிவிடுவான். ஐந்தாம் விடை ஒரு கோயில் தெருவுக்குள் அழைத்துச் சென்றது. தெருவின் தொடக்கத்திலேயே அவன் நின்றுவிட்டான். “நீங்க போயிட்டு வாங்கடா, நான் இங்கயே நிக்கிறேன்” என்றான். களைப்பு என்று நினைத்தோம். எங்களில் எவருக்கும் அத்தெருவைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவனுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிப் பருவத்தில் அதே தெருவில் மிதிவண்டியில் சென்றபோது இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னவர்களை அவன் மறக்கவில்லை என்பதை ஆண்டுகள் பல கழித்துத்தான் சொன்னான். அன்று நாங்கள் இரண்டாம் பரிசு பெற்றோம். அவனை வெளியில் நிறுத்திவிட்டு வாங்கிய பரிசு என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அமெரிக்கக் கறுப்பினத்தவர்க்கும் இது தெரியும். போக்கிமான் கோ வெளியான அதே மாதத்தில் ஓமாரி அகில் என்னும் கறுப்பின எழுத்தாளர், இந்த விளையாட்டு தன்னைப் போன்ற ஒருவனுக்கு உயிராபத்து என்று எழுதினார். ஒரே இடத்தில் நின்று, சுற்றி வந்து, மீண்டும் திரும்பி வரும் கறுப்பின ஆணைக் கண்டால் அமெரிக்கத் தெரு அவனை விளையாடுபவனாகக் காணாது, குற்றவாளியாகவே காணும் என்பது அவருடைய வாதம். மும்பையின் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் வெளியிட்ட நூலும் இதே நரம்பைத் தொடுகிறது. பொதுவெளியில் காரணமின்றி நிற்கும் உரிமை கிடைக்கும்போதுதான் அவ்வெளி ஒருவருக்குச் சொந்தமாகிறது. கடைக்குப் போகிறேன், கல்லூரிக்குப் போகிறேன் என்று காரணம் சொல்லி நடப்பவர் உரிமையுடன் நடக்கவில்லை, அனுமதியுடன் நடக்கிறார். விளையாட்டு என்பது காரணமின்மையின் உச்சம். ஆகவேதான் அது இங்கே இவ்வளவு கூர்மையான கேள்வியாகிறது. நம் ஊர்களில் அந்தக் கேள்வியின் பேச்சு வடிவம் எல்லாரும் அறிந்தது: “எந்தத் தெருப் பையன் நீ?”

நடப்பதற்கான போராட்டம்

1893-இல் திருவிதாங்கூரில் புலையர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அய்யன்காளி தலைப்பாகை கட்டி, வில்வண்டியேறிச் சென்றார். 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. தந்தை பெரியார் அதில் பங்கேற்றுச் சிறை சென்றார். 1925 நவம்பரில் அது முடிவுக்கு வந்தபோது நான்கு தெருக்களில் மூன்றுதான் திறக்கப்பட்டன. கிழக்குத் தெரு மூடியே இருந்தது. நான்கில் மூன்று என்னும் இக்கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். செஞ்சியில் அது மீண்டும் வரும்.

வைக்கத்தைப் பற்றி அறிந்த அளவுக்கு, அதே 1924-இல் சென்னையில் நடந்ததை நம் மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கத் தடையில்லை என்பதும், பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றைப் பிற சாதியினரைப் போலவே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பதும் அதன் உள்ளடக்கம். அதே ஆண்டு செப்டம்பரில் அது அரசாணையாயிற்று. தெருவில் நடக்கலாம் என்பதற்கு ஓர் அரசாணை தேவைப்பட்ட நாடு இது. அதன்பின் 1927 மார்ச் 20 அன்று மகாடின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தினார். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கூறு கடை, உணவகம், கேளிக்கை இடம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக்கூடாது என்று விதித்தது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம், பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் வண்டியோ ஓட்டுவதையும் செருப்பணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாக எழுதுகிறது. 2015-இலும் அப்படி எழுத வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும்.

சட்டத்துக்கும் தெருவுக்கும் இடையே சுவர்கள் உண்டு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் அது உண்மையான சுவராகவே நின்றது; 2008 மே மாதத்தில்தான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. செஞ்சி அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மேல்பாதி கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித்துகள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூனில் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. 2025 ஏப்ரலில் நீதிமன்ற உத்தரவின்பேரில், காவல்துறைப் பாதுகாப்புடன், அவர்கள் உள்ளே சென்று வழிபட்டனர். கோட்டை உலகப் பாரம்பரியமானதும் அதே ஆண்டில்தான். இடையில் மூன்று மாதங்கள்கூட இல்லை.

யாருடைய குறிப்புகள்?

நடப்பதற்கான உரிமைக்கு அடுத்தபடியாக, குறிப்புகள் எங்கிருந்து வருகின்றன என்னும் கேள்வி எழுகிறது. இதை விளக்கப் போக்கிமான் கோவே நல்ல சான்று. விளையாட்டில் ஆட்டக்காரர்கள் பொருள்களைப் பெறும் இடங்கள் நகரெங்கும் குறிக்கப்பட்டிருந்தன. 2016-இல் அமெரிக்கச் செய்தியாளர்களும் அர்பன் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்களும் அவ்விடங்களை எண்ணிப் பார்த்தபோது, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் அவை செறிந்தும் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் அருகியும் இருப்பதைக் கண்டனர். நிறுவனம் திட்டமிட்டுச் செய்த புறக்கணிப்பு என்று சொல்ல முடியாது. அதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான இன்கிரெஸ்ஸில் ஆட்டக்காரர்களே தங்கள் பகுதியின் சிலைகளையும் கட்டடங்களையும் படமெடுத்து அனுப்பியிருந்தனர். அப்பட்டியலே பெரும்பாலும் புதிய விளையாட்டுக்கும் அடிப்படையாயிற்று. படமெடுத்து அனுப்பும் வசதியும் ஓய்வும் யாருக்கு இருந்தனவோ அவர்களுடைய தெருக்கள் குறிப்பிடத்தக்க இடங்களாயின. மற்றவை வெற்றிடமாயின. ஒருமுறை வெற்றிடமான இடம் அடுத்த விளையாட்டிலும் வெற்றிடமாகவே தொடரும்.

நம் ஊரில் இன்கிரெஸ்ஸின் இடத்தில் சுற்றுலாக் கையேடு இருக்கிறது. புதிர் எழுதும் மாணவர் அதைத் திறப்பார். செஞ்சிக்கு அதில் என்ன இருக்கும்? சுமார் 1200-ஐ ஒட்டி ஆனந்தக்கோன் கட்டிய முதல் அரண். விசயநகர நாயக்கர் காலத்துப் பெருவிரிவு. 1649-இல் பீசப்பூர், 1677-இல் சிவாசி, 1698-இல் எட்டாண்டு முற்றுகைக்குப் பின் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் பள்ளிவாசல். இவை அனைத்தும் அறிய வேண்டியவையே. ஆனால் இவை யாவும் ஆண்டவர்களின் பெயர்கள். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதிலின் கற்களைச் சுமந்தவர் எவருடைய பெயரும் இதில் இல்லை. யுனெஸ்கோ பட்டியலோ எண்ணூறாண்டு வரலாற்றில் மராத்தியர் ஆண்ட இருபத்தோராண்டுகளைத் தலைப்பாக்கிவிட்டது. அதைக் குறைசொல்வதைவிட, அடுத்த தாளில் எதை எழுதப்போகிறோம் என்று கேட்பது பயனுள்ளது.

மூன்று குன்றுகளும் இன்னொன்றும்

செஞ்சிக் கோட்டை என்றால் மூன்று குன்றுகள் என்று பள்ளிக்குழந்தையும் சொல்லும். மேற்கே இராசகிரி, வடக்கே கிருட்டிணகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம். மூன்றையும் இணைத்து முக்கோணமாக ஓடும் மதில். பயணக் கட்டுரைகள் இதோடு நிறுத்திக்கொள்ளும். சற்றுப் பொறுமையான நூல்கள் மட்டும் இன்னொரு வரி எழுதும்: இவற்றைத் தவிர, சிறியதும் முக்கியத்துவம் குறைந்ததுமான நான்காவது குன்று ஒன்றும் உண்டு. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். வடநாட்டுப் படைகளின் நாவில் சமார் டிக்ரி.

இந்தப் பெயரின் முன் சற்று நிற்க வேண்டும். தமிழில் தோல்தொழில் செய்த சாதியின் பெயர். இந்துசுத்தானியில் தோல்தொழில் செய்த சாதியின் பெயர். இரண்டு மொழிகள், ஒரே பொருள். ஒரு பெயர் மட்டும் இருந்தால் மருவல் என்றோ தற்செயல் என்றோ தள்ளிவிடலாம். இரண்டாம் மொழியினர் அதைத் தம் சொல்லில் பெயர்த்து வழங்கினார்கள் என்றால், அக்குன்று யாரோடு தொடர்புடையது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும். இது என் ஊகம். எனினும் இது வெறும் கற்பனையன்று என்பதைக் கோட்டையின் அன்றாடத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

ஒரு கோட்டை எதனால் இயங்கியது? கல்லால் என்போம், இரும்பால் என்போம். தோலை மறந்துவிடுவோம். குதிரைக்குச் சேணமும் கடிவாள வாரும் தோல். வாளுக்கு உறை தோல். கேடயம் தோல். மருந்துப்பை தோல். காவற்காரர் காலில் செருப்பு தோல். மலையுச்சிக்கு நீர் சுமந்த பை தோல். மலையடியில் வயலுக்கு நீரிறைத்த கவலையின் பறியும் தோல். விடியலை அறிவித்த முரசும், பகை வருவதை அறிவித்த பறையும் தோல். எட்டாண்டுகள் முற்றுகைக்கு உள்ளான கோட்டையில் வார் அறுந்தால் தைக்க ஆள் வேண்டும். செத்த மாட்டையும் குதிரையையும் அப்புறப்படுத்தி உரிக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் இன்றி ஒரு மாதம்கூட எந்த அரசரும் செஞ்சியில் தாக்குப்பிடித்திருக்க முடியாது. ஆயினும் அவர்களுடைய பெயரைத் தாங்கும் குன்றுக்குக் கிடைத்த அடைமொழி, ‘முக்கியத்துவம் குறைந்தது’.

தேசிங்கு ராசனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்ட அந்த இளைஞனின் கதையை ஊர்தோறும் பாடியிருக்கிறார்கள். கதைப்பாடலில் அவனுடைய குதிரைக்குப் பெயருண்டு. நண்பன் மகமத்கானுக்குப் பெயருண்டு. மதம் கடந்த நட்பைப் பாடிய அந்தக் கதைப்பாடல் நமக்குப் பெருமை. அந்தக் குதிரைக்குச் சேணம் தைத்த கைக்கு மட்டும் பெயரில்லை.

பெயரைத் துடைப்பதா, வைத்திருப்பதா?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டில் ஊர்கள், தெருக்கள், சாலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான வழிகாட்டுதல்களையும் அரசு வெளியிட்டது. முகவரியைச் சொன்னவுடனேயே சாதி தெரிந்துவிடும் நிலையில் வேலைக்கு விண்ணப்பித்த எவரும் இதன் தேவையை உணர்வர். தெருப் பெயரில் சாதி வேண்டியதில்லை; அதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் சக்கிலி துர்க்கம்? அச்சொல் இன்று வசைச்சொல்லாகப் பயன்படுகிறது. அச்சமூகத்தினர் அருந்ததியர் என்னும் பெயரையே தமக்குரியதாகக் கொண்டுள்ளனர். 2009-இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு வழங்கிய 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடும் அருந்ததியர் என்ற பெயரிலேயே அமைந்தது. பட்டியல் சாதியினருள் உள் வகைப்படுத்தல் செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்ததும் நாம் அறிந்ததே. ஒரு புதிர்த்தாளில் அப்பழைய பெயரை அச்சிட்டு நூறு மாணவர் கையில் கொடுத்தால், அது சிரிப்புக்கும் கேலிக்கும் இடமளிக்கக்கூடும். குழுவில் இருக்கும் அருந்ததிய மாணவி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

மறுபுறம், பெயரைத் துடைத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கோட்டையில் அம்மக்கள் இருந்தார்கள் என்பதற்கு எளியோரும் சுட்டிக்காட்டக்கூடிய தடயம் அந்த ஒரு பெயர்தான். கல்வெட்டு எழுதியவர்கள் அவர்களை எழுதவில்லை. அரண்மனை கட்டியவர்கள் அவர்களுக்கு மண்டபம் கட்டவில்லை. இழிவுபடுத்தவே வைத்த பெயர் என்றாலும், அதுவே சான்றாகவும் நிற்கிறது. வாழிடத்தின் பெயரையும் வரலாற்றுச் சான்றின் பெயரையும் ஒரே அளவுகோலால் அளக்கக்கூடாது என்பது என் நிலைப்பாடு. முன்னதை மாற்ற வேண்டும். பின்னதை விளக்கத்துடன் வைத்திருக்க வேண்டும். எந்த விளக்கம், எந்தச் சொற்களில் என்பதை முடிவு செய்யும் உரிமை அப்பகுதி அருந்ததிய மக்களுக்கே உண்டு. தொல்லியல் துறைக்கோ, விழாக் குழுவுக்கோ, என்னைப் போன்ற கட்டுரையாளருக்கோ அன்று.

ஒரு வேட்டையை எப்படி அமைக்கலாம்?

செஞ்சியில் வேட்டை நடத்த எண்ணும் மாணவர் மன்றங்களுக்குச் சில சொற்கள். முதலில் தொடக்க இடம். பெரும்பாலும் கோட்டை நுழைவாயிலில் தொடங்கி மலையுச்சியில் முடிக்கத் தோன்றும். அவ்வாறு செய்தால் ஊர் வெறும் வாகன நிறுத்தமாகிவிடும். செஞ்சியின் உயிர் பேரூராட்சியின் கடைத்தெருவிலும், நெல் மூட்டைகள் குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் இருக்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளியிடம் நெற்களஞ்சியத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும்படி புதிர் அமையட்டும். இத்தனை பெரிய களஞ்சியத்தை நிரப்ப எத்தனை பேர், எத்தனை நாள் சுமந்திருப்பார்கள் என்னும் கணக்கை அவரைவிட நன்றாகப் போட்டுக்காட்ட எவரால் முடியும்? ஆனால் அவருடைய வேலை நேரத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிருக்கு உதவுவோர்க்கு மதிப்பூதியம் வைப்பது விழாச் செலவில் முதல் இனமாக இருக்க வேண்டும். பனியனுக்கும் பதாகைக்கும் பிறகு மிஞ்சினால் பார்க்கலாம் என்பதாக இருக்கக்கூடாது.

புதிரை எழுதுவோர் யார் என்பது அதைவிட முக்கியம். மிஸ்டரி ஹன்டில் வென்றவர் அடுத்த ஆண்டு எழுதுகிறார் என்றேன். செஞ்சியில் அந்த விதியைச் சற்று மாற்றி, முதலாண்டுப் புதிர்களையே சுற்றுவட்டாரக் குடியிருப்புகளின் பள்ளி மாணவர்களிடம் எழுதக் கொடுக்கலாம். பாட்டிமார் போடும் விடுகதைகள் அவர்களிடம் உண்டு. நொடி அவிழ்ப்பது நம் மக்களுக்கு இறக்குமதியான கலையன்று. கையேட்டில் இல்லாத கிணறும், மரமும், குளக்கரைக் கல்லும் அப்போது வரைபடத்தில் ஏறும். ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும்: குடியிருப்புகளுக்குள் அங்குள்ளோரின் சம்மதமின்றி வேட்டையை நடத்தக் கூடாது. ஏழ்மையைக் காட்சிப்பொருளாக்கிப் படமெடுக்கும் நூறு பேரை ஒருவருடைய வாசலுக்கு அனுப்புவது விளையாட்டாகாது.

சட்டம் தொடர்பாக இரண்டு. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவர்க்கு இரண்டாண்டுவரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. எனவே சுவரில் தாள் ஒட்டுவதும், கல்லில் சுண்ணாம்பால் குறியிடுவதும், நிகழ்ச்சிக்கு முன்னனுமதி பெறாமல் நுழைவதும் வேண்டா. 15 வயதுக்குட்பட்டோர்க்கு நுழைவுக் கட்டணமில்லை என்பது உள்ளூர்க் குழந்தைகளைச் சேர்க்க உதவும். இரண்டாவது, ஆட்டத்தின்போது எவரேனும் சாதியைக் கேட்டோ தெருவைக் கேட்டோ ஓர் ஆட்டக்காரரைத் தடுத்தால் என்ன செய்வது என்பது விதித்தாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். யாரைக் கைப்பேசியில் அழைப்பது, எவர் உடனே வருவார், காவல் நிலையத்தில் புகார் தருவதென்றால் துணை நிற்பவர் எவர் என்பன பெயர்களோடு இருக்க வேண்டும். சுளுக்கு விழுந்தால் முதலுதவிக்கு ஏற்பாடு செய்கிறோம் அல்லவா?

நான்காவது குன்றை எங்கே வைப்பது? பெரும்புதிரின் விடையாக வைக்கலாம். மூன்று குன்றுகளின் பெயர்களையும் சேகரித்து வெற்றி என்று ஓடிவரும் குழுவிடம், கணக்கு இன்னும் முடியவில்லை என்று சொல்லுங்கள். தேசிங்கின் குதிரையிலிருந்து சேணத்துக்கும், சேணத்திலிருந்து தோலுக்கும், தோலிலிருந்து தோல் பதனிட்ட மக்களுக்கும் ஒரு சங்கிலியைப் புதிராக்கினால், அவர்கள் அக்குன்றைத் தாங்களாகவே கண்டடைவார்கள். பெயரை அங்கே, குன்றைப் பார்த்தபடி, விளக்கத்துடன் ஒருவர் வாயால் சொல்லட்டும். தாளில் அச்சிட வேண்டியதில்லை.

வேட்டைக்கு ஒரு வாரம் முன்பு ஏற்பாட்டாளர்கள் வழியை நடந்து பார்ப்பது வழக்கம். எவ்வளவு நேரமாகிறது, எங்கே நிழல் இருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று குறித்துக்கொள்வார்கள். அந்த நடையை இருமுறை நடத்திப் பாருங்கள். ஒருமுறை ஊர்த்தெருவில் பிறந்த மாணவர் முன்னால் நடக்கட்டும். மறுமுறை, அவருக்கு விருப்பமிருந்தால் மட்டும், சேரியில் பிறந்த மாணவர் நடக்கட்டும். தனியே அன்று, நண்பர்கள் சற்றுத் தள்ளித் தொடர. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் என்ன கேட்டார்கள், எங்கே பார்வை மாறியது என்பதை இருவரும் தனித்தனியே எழுதிவைத்து, இரு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தபின் வரைபடத்தை அச்சுக்கு அனுப்பலாம்.